பார்க்கப் போனவரை ஊர் பார்க்கும்போது: பயணக் கட்டுரையை வாசிக்கத் தொடங்குவோருக்கு

யாழ்ப்பாணத்தில் பயணத்தைப் பற்றிய பேச்சுக்கு இப்போது குறைவே இல்லை. நெடுந்தீவுக்குப் போனவர் கரையேறிய அன்றிரவே காணொளி போட்டுவிடுகிறார். விடுமுறைக்கு ரொறன்ரோவிலிருந்து வந்தவர்கள் நல்லூரில் ஐஸ்கிரீம் குடித்ததும் கீரிமலைக் கேணியில் குளித்ததும் படங்களாக வந்து குவிகின்றன. ஆனால் பயணக் கட்டுரை என்றால் என்ன என்று உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் எழுதிய ‘நான் சென்ற கல்விச் சுற்றுலா’தான் நினைவுக்கு வரும். விடிய ஐந்து மணிக்குப் பஸ் வெளிக்கிட்டது, அனுராதபுரம் பார்த்தோம், சிகிரியா ஏறினோம், இரவு களைப்போடு வீடு வந்து சேர்ந்தோம்.

அந்தக் கட்டுரையில் பிழை ஒன்றும் இல்லை. போன இடங்கள் வரிசையாக இருக்கின்றன. போன ஆளைத்தான் காணோம். அவர் யார், எதை மனதில் வைத்துக்கொண்டு போனார், அங்கே யாருடன் கதைத்தார், அந்த மனிதர்கள் இவரைப் பார்த்து என்ன நினைத்தார்கள் என்பதெல்லாம் அதில் வராது. இவை வரத் தொடங்கும் இடத்தில்தான் பயணக் கட்டுரை தொடங்குகிறது.

இன்னும் கொஞ்சம் தெளிவாகச் சொல்கிறேன். எங்கே தங்கலாம், எந்த நேரத்துக்குப் படகு என்று சொல்வது வழிகாட்டி நூல். இன்று என்ன செய்தேன் என்று தனக்காக எழுதிக்கொள்வது நாட்குறிப்பு. அந்த நாட்டில் தேர்தல் எப்படி நடந்தது என்று சொல்வது செய்தி. பயணக் கட்டுரை இவை மூன்றிலிருந்தும் வேண்டியதை எடுத்துக்கொள்ளும். ஆனால் அதை நடத்திச் செல்வது ஒரு கேள்வி. எழுதுபவர் தன் ஊரிலிருந்து அந்தக் கேள்வியைக் கொண்டுபோகிறார். போன இடத்தில் அது உருமாறுகிறது. இரண்டு பண்பாடுகள் ஒன்றையொன்று உரசும் இடத்தில் என்ன நடக்கிறது என்பதை ஒரு தனி மனிதரின் கண்ணும் காதும் வழியாகச் சொல்வதுதான் இந்த எழுத்தின் வேலை.

இதை நன்றாகச் செய்திருக்கிறார்களா என்று பார்க்க நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். எழுதுபவர் அந்த ஊராரைக் கேள்வி கேட்பதை எல்லாக் கட்டுரைகளிலும் காணலாம். அந்த ஊரார் இவரைத் திருப்பிக் கேட்கிறார்களா? அந்தக் கேள்விகளுக்குக் கட்டுரையில் இடம் கிடைத்திருக்கிறதா? கிடைத்திருந்தால் அந்த எழுத்தாளரை நம்பலாம்.

இதற்கு என் கைக்கு முதலில் வருகிற உதாரணம் அமிதாவ் கோஷ்.

கோஷ் 1956 இல் கொல்கத்தாவில் பிறந்தவர். வங்காளி. எழுதுவது ஆங்கிலத்தில். தகப்பனாரின் உத்தியோகம் காரணமாகச் சிறுவயதில் ஒரு பகுதியை இலங்கையிலும் கழித்தவர். நாவலாசிரியராகத்தான் உலகம் அவரை அதிகம் அறியும். ஆங்கிலத்தில் எழுதும் ஒருவருக்கு ஞானபீட விருது முதன்முதலில் கிடைத்தது இவருக்குத்தான், 2018 ஆம் ஆண்டுக்கான விருது. ஆனால் அவருடைய பயண எழுத்தும் கட்டுரைகளும் நாவல்களுக்குக் குறைந்தவை அல்ல. என்னைக் கேட்டால், அவரை வாசிக்கத் தொடங்குபவர் கட்டுரைகளிலிருந்தே தொடங்கலாம்.

1980 இல், இருபதுகளின் நடுவில் இருந்த கோஷ் எகிப்துக்குப் போனார். ஒக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் சமூக மானிடவியலில் முனைவர் பட்ட ஆய்வு. அதற்காக நைல் நதியின் கழிமுகத்தில் ஒரு விவசாயக் கிராமத்தில் போய்த் தங்கினார். மானிடவியல் ஆய்வு என்றால் பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து ஒருவர் வந்து ஆசியாவிலோ ஆபிரிக்காவிலோ ஒரு கிராமத்தைப் படிப்பதாகவே இருந்த காலம். இங்கே வந்தவர் ஓர் இந்தியர். படிக்கப்படுபவர்கள் எகிப்தியர்கள். இரண்டு தரப்பும் பிரித்தானியர் ஆண்ட நாடுகளைச் சேர்ந்தவை. இந்த நிலைமை அந்த எழுத்துக்கு ஒரு தனி நிறத்தைக் கொடுத்துவிட்டது.

கோஷ் குறிப்புப் புத்தகத்தோடு போனார். கிராமத்தாரோ அவரைத்தான் முதலில் விசாரித்தார்கள். உங்கள் ஊரில் மாட்டைக் கும்பிடுவார்களாமே, உண்மையா? செத்தவர்களை எரிப்பீர்களாமே? சின்னப் பிள்ளைகளைக்கூடவா? சுன்னத்து உண்டா இல்லையா? அவர்கள் அவமானப்படுத்துவதற்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே கவலைப்பட்டுக் கேட்டார்கள். ஊர் திரும்பியதும் உன் சனத்துக்குக் கொஞ்சம் புத்தி சொல்லு என்று அக்கறையோடு சொல்லியும் அனுப்பினார்கள்.

கோஷ் இதை மறைக்காமல் எழுதினார். ‘இமாமும் இந்தியனும்’ என்ற அந்தக் கட்டுரை 1986 இல் ‘கிராண்டா’ என்ற ஆங்கில இதழில் வந்தது. இந்த வகை எழுத்தை ஒருவருக்கு அறிமுகம் செய்ய இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் அறியேன். ஆகவே இதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

அந்தக் கிராமத்தில் ஓர் இமாம் இருந்தார். பள்ளிவாசலில் தொழுகை நடத்துபவர். பரம்பரையாக மூலிகை வைத்தியமும் அறிந்தவர். கோஷுக்கு அந்த வைத்தியத்தைப் பற்றி அறிய ஆசை. ஆய்வாளருக்கு அது பொக்கிஷம் அல்லவா? ஆனால் இமாமுக்கு அதில் நாட்டமே போய்விட்டது. மூலிகையை விடு என்கிறார். ஒரு பெட்டியைத் திறந்து ஊசியையும் மருந்துக் குப்பிகளையும் காட்டுகிறார். அவர் இப்போது ஊசி போடப் பழகிவிட்டார். அதுதான் எதிர்காலம் என்று நினைக்கிறார். பழமையைத் தேடி வந்த படித்த இந்தியருக்கும், பழமையை உதறிவிட நினைக்கும் கிராமத்து வைத்தியருக்கும் இடையே அந்த இடத்திலேயே ஒரு முறுகல் தொடங்கிவிடுகிறது.

பிறகு ஒரு நாள் இருவரும் தெருவில் நேருக்கு நேர் முட்டிக்கொள்கிறார்கள். சுற்றிலும் சனம் கூடிவிடுகிறது. நீங்கள் பிணத்தை எரிக்கிறீர்கள், மாட்டைக் கும்பிடுகிறீர்கள், இதை ஏன் நிறுத்தவில்லை என்கிறார் இமாம். மேற்கத்திய நாட்டவர் பிணத்தை எரிப்பதில்லை, அவர்கள் முன்னேறியவர்கள், படித்தவர்கள், அவர்களிடம் துப்பாக்கியும் தாங்கியும் குண்டும் இருக்கின்றன என்கிறார். கோஷுக்கும் கோபம் தலைக்கேறுகிறது. எங்களிடமும் எல்லாம் இருக்கின்றன, உங்களுடையதைவிட நல்லவை இருக்கின்றன, நாங்கள் அணுகுண்டே வெடித்துப் பார்த்தவர்கள், நூறு வருடம் போனாலும் உங்களால் எங்களுக்கு ஈடுகொடுக்க முடியாது என்று கத்துகிறார். இந்தியா 1974 இல் நடத்திய அணுகுண்டுச் சோதனையைத்தான் சொல்கிறார்.

சண்டை அடங்கிய பிறகுதான் கோஷுக்கு உறைக்கிறது. நூற்றாண்டுகளாக ஒன்றோடொன்று வணிகமும் கல்வியும் செய்துவந்த இரண்டு பழைய நாகரிகங்களின் பிள்ளைகள் அவர்கள். பேசிக்கொள்ள எவ்வளவோ இருந்தது. ஆனால் இருவருக்கும் பொதுவான அளவுகோலாக மிஞ்சியது மேற்கின் ஆயுதம் மட்டுமே. யாரிடம் பெரிய குண்டு இருக்கிறது என்பதைத் தவிர வேறு மொழியில் அவர்களால் வாதாட முடியவில்லை.

இந்த இடத்தில் ஒரு புதிய வாசகர் கவனிக்க வேண்டியது, கோஷ் தன்னை எங்கே நிறுத்தியிருக்கிறார் என்பதைத்தான். ஒக்ஸ்ஃபோர்டில் படித்தவர், இலக்கியம் அறிந்தவர். இமாமை அறியாதவராகக் காட்டித் தான் மேலே நின்றிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. இரண்டு பேரும் ஒரே தெருவில், ஒரே அளவுக்குத் தோற்று நிற்பதாக எழுதினார். வேறு நாட்டைப் பற்றி எழுதும் ஒருவருக்கு இருக்க வேண்டிய முதல் நேர்மை இதுதான் என்று நான் நம்புகிறேன்.

அதே கட்டுரையில் கமீஸ் என்று ஒரு விவசாயி வருகிறார். வாய்த்துடுக்கு அதிகம் என்பதால் ஊரார் அவருக்கு எலி என்று பட்டம் வைத்திருக்கிறார்கள். சண்டையிலிருந்து கோஷை விலக்கிக் கூட்டிக்கொண்டு போகிறவர் அவர்தான். ஊரை விட்டு எங்கும் போகாத மனிதர். நான் உன் நாட்டுக்கு வருகிறேன் என்கிறார். ஆனால் ஒன்று, நான் அங்கே செத்துப்போனால் என்னைப் புதைக்க மறந்துவிடாதே. அந்த ஒரு பேச்சில் நட்பும் பயமும் பகிடியும் கலந்து கிடக்கின்றன. நூறு பக்க ஆய்வு சொல்ல முடியாததை அது சொல்லிவிடுகிறது.

கட்டுரையில் இன்னொரு செய்தியும் உண்டு. யாழ்ப்பாணத்து வாசகருக்கு அது சட்டென்று பிடிபடும். அசையாத, பழமையான ஒரு விவசாயக் கிராமத்தைத் தேடித்தான் கோஷ் போனார். அங்கே பார்த்தால் ஆண்களில் பெரும்பாலோர் ஊர் சுற்றியவர்கள். வளைகுடா நாடுகளில், லிபியாவில், ஜோர்தானில், சிரியாவில் வேலை செய்துவிட்டு வந்தவர்கள். முத்திரை குத்திக் குத்தித் தடித்துப்போன கடவுச்சீட்டுகள் வீடுகளில் இருந்தன. படிக்க வந்தவரைவிடப் படிக்கப்படுபவர்கள் அதிகம் பயணம் செய்திருந்தார்கள்.

இணுவிலில் ஓர் ஒழுங்கைக்குள் இறங்கி நடந்து பாருங்கள். படலைக்குப் படலை இதே கதைதான். ஒரு வீட்டில் மகன் சூரிச்சில், மகள் ஸ்கார்பரோவில். அடுத்த வீட்டில் அப்பா எண்பதுகளில் சவூதிக்குப் போய்த் திரும்பி வந்தவர். விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருக்கும் ஆச்சிக்கு ஒஸ்லோவில் எப்போது பனி பெய்யும் என்பதும் தெரியும், பேரப்பிள்ளைக்கு அங்கே எத்தனை மணிக்குப் பள்ளிக்கூடம் என்பதும் தெரியும். வெளியூர்ப் பத்திரிகையாளர் ஒருவர் வந்து அந்த ஆச்சியை ‘உலகம் அறியாத கிராமத்து மூதாட்டி’ என்று எழுதினால் எப்படி இருக்கும்? எங்களைப் பற்றி வருகிற எழுத்துகளில் இப்படி அடிக்கடி நடக்கிறது. இதனாலேயே எங்கள் ஊர் வாசகர்களுக்கு இந்த இலக்கிய வகை விரைவில் வசப்படும் என்று நினைக்கிறேன். பார்க்கப்படும் பக்கத்தில் நின்று பழகியவர்கள் நாங்கள்.

சரி, எகிப்துக்கே திரும்புவோம். கோஷின் அந்த அனுபவம் ஒரு கட்டுரையோடு முடிந்துவிடவில்லை. 1992 இல் ‘இன் ஆன் ஆன்டிக் லேண்ட்’ என்ற முழு நூலாக விரிந்தது. இந்த நூலில் இரண்டு பயணங்கள் மாறி மாறி வருகின்றன. ஒன்று அந்தக் கிராமத்தில் கோஷ் வாழ்ந்த வாழ்க்கை. மற்றது பன்னிரண்டாம் நூற்றாண்டுக்குப் போகும் பயணம்.

ஆபிரகாம் பென் யிஜூ என்று ஒரு யூத வணிகர். இன்றைய துனீசியாவில் பிறந்து, எகிப்துக்கும் ஏடனுக்கும் வந்து, கடைசியில் கர்நாடகக் கரையிலுள்ள மங்களூரில் பல ஆண்டுகள் தங்கி மிளகு வணிகம் செய்தவர். அங்கே ஓர் இந்தியப் பெண்ணை மணந்தவர். அவரிடம் ஓர் இந்திய அடிமையும் இருந்தார். அந்தக் காலத்து அடிமை என்றால் நாம் நினைக்கும் கரும்புத் தோட்ட அடிமை மாதிரி அல்ல. முதலாளியின் சரக்கோடு ஏடன் வரை கப்பலேறிப் போய் வியாபாரம் பேசிவரும் முகவர் என்றே சொல்லலாம். ஏடனிலிருந்து 1148 இல் ஒரு வணிகர் பென் யிஜூவுக்கு எழுதிய கடிதத்தில் அந்த அடிமைக்கும் ஒரு வரியில் நலம் விசாரிப்பு இருக்கிறது. அந்த ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டு, பெயர்கூடச் சரியாகத் தெரியாத அந்த மனிதரைத் தேடிப் போகிறார் கோஷ்.

இந்தக் கடிதங்கள் எப்படிப் பிழைத்தன? பழைய கெய்ரோவில் உள்ள பென் எஸ்ரா யூத ஆலயத்தில் ஒரு களஞ்சிய அறை இருந்தது. கடவுளின் பெயர் எழுதப்பட்டிருக்கக்கூடிய தாளை எறியக் கூடாது என்பது யூதர் வழக்கம். ஆகவே பழைய தாள்களையெல்லாம் அந்த அறைக்குள் போட்டு வந்தார்கள். கணக்குச் சிட்டை, கலியாண ஒப்பந்தம், கடன் பத்திரம், கடிதம் எல்லாமே போயின. எகிப்தின் வறண்ட காற்றில் அவை நூற்றாண்டுக் கணக்கில் உக்கிப்போகாமல் கிடந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அவற்றில் பெரும்பகுதி கேம்பிரிட்ஜுக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்தக் கடிதங்கள் எபிரேய எழுத்தில் எழுதப்பட்ட அரபு மொழியில் இருந்தன. கோஷ் அந்த எழுத்தைப் படித்துப் பழகினார். அப்போது ஒரு வியப்பு காத்திருந்தது. எண்ணூறு வருடத்துக்கு முந்தைய வணிகர்களின் பேச்சு நடைக்கும், நைல் கழிமுகத்தில் கமீஸும் மற்றவர்களும் பேசிய கிராமத்து அரபுக்கும் நெருங்கிய ஒற்றுமை இருந்தது. வயலில் நின்று கேட்ட பேச்சு, நூலகத்தில் இருந்த தாளைத் திறந்துவிட்டது. பயணமும் படிப்பும் ஒன்றுக்கொன்று கைகொடுப்பது என்றால் இதுதான். நூலகத்துக்குள் மட்டும் இருந்திருந்தாலும், கிராமத்தில் மட்டும் இருந்திருந்தாலும் அவருக்கு இது கிடைத்திராது.

பயணக் கட்டுரையில் வரலாறு எதற்கு என்று சிலர் கேட்பார்கள். இதற்குத்தான். மங்களூரும் ஏடனும் கெய்ரோவும் கடவுச்சீட்டு இல்லாமலே ஒன்றோடொன்று உறவாடிய ஒரு காலம் இருந்தது என்பது தெரிந்த பிறகுதான், அந்தத் தெருச் சண்டை எவ்வளவு பெரிய இழப்பின் அடையாளம் என்பது விளங்குகிறது.

கோஷ் பிறகு கம்போடியாவுக்கும் பர்மாவுக்கும் போய் எழுதினார். கம்போடியக் கட்டுரை 1906 இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு மன்னர் சிசோவத் தன் அரண்மனை நடனப் பெண்களோடு பிரான்சுக்குக் கப்பலேறினார். அவர்கள் ஆடியதைப் பார்த்துச் சிற்பி ரோடின் மயங்கிப்போய்ச் சித்திரங்கள் வரைந்தார். அங்கிருந்து கட்டுரை நம் காலத்துக்கு வருகிறது. நடன ஆசிரியையான சியா சாமி என்ற மூதாட்டியைக் கோஷ் சந்திக்கிறார். அவர் எழுபதுகளில் கம்போடியாவை ஆண்ட பொல் பொட்டின் அண்ணி. பொல் பொட் சிறுவனாக இருந்தபோது அவரை வளர்த்தவர்களில் ஒருவர். நாட்டையே சவக்காடாக்கிய அந்தத் தலைவர் தன் கொழுந்தன்தான் என்பது அந்த ஆட்சியின் கடைசிக் காலத்தில் ஒரு படத்தைப் பார்த்துத்தான் அவருக்குத் தெரியவந்தது. எஞ்சிப் பிழைத்த கொஞ்சப் பேர் மீண்டும் நடனத்தைத் தூக்கி நிறுத்தியதை அந்தக் கட்டுரை சொல்கிறது. போரைக் கண்ட ஊர்க்காரர் இதை வாசிக்கும்போது இடையிடையே புத்தகத்தை மூடி வைக்க வேண்டியிருக்கும்.

சுனாமிக்குப் பிறகு 2005 இன் தொடக்கத்தில் அந்தமான், நிக்கோபார் தீவுகளுக்கும் போனார். கார் நிக்கோபாரில் மலேரியா ஆய்வு நிலையத்தின் இயக்குநராக இருந்த ஒருவர் மனைவியையும் மகளையும் கடலுக்குப் பறிகொடுத்திருந்தார். அவரோடு கோஷ் அந்த வீடு இருந்த இடத்துக்குப் போகிறார். குடும்பத்தின் பொருட்கள் சிதறிக் கிடக்கும் அந்த இடத்தில் அவர் தேடி எடுப்பது, பல ஆண்டுகளாகச் சேர்த்த தன் ஆய்வுக்கான கண்ணாடித் தகடுகளை. கோஷ் அதற்குத் தீர்ப்புச் சொல்லவில்லை. அந்த மனிதரைப் புரிந்துகொள்ள முயல்கிறார். வடமராட்சி கிழக்கிலும் முல்லைத்தீவிலும் அந்த மார்கழியில் கடல் எடுத்துப்போன வீடுகளைப் பார்த்தவர்களுக்கு, துக்கத்தில் ஒரு மனிதர் எதைத் தேடுவார் என்பதை வெளியிலிருந்து சொல்லவே முடியாது என்பது தெரியும்.

இனி எங்கள் பக்கம் வருவோம். யாழ்ப்பாணம் வெகுகாலமாகப் பிறரால் எழுதப்பட்ட இடம். 1344 இல் இலங்கைக்கு வந்த மொரோக்கோப் பயணி இபின் பதூதா, யாழ்ப்பாண அரசர் ஆரியச் சக்கரவர்த்தியைப் புத்தளம் பக்கத்தில் சந்தித்ததை எழுதியிருக்கிறார். அரசருக்குப் பாரசீக மொழி விளங்கியது; பிற நாட்டு மன்னர்களைப் பற்றியும் ஊர்களைப் பற்றியும் பயணி சொன்ன கதைகளை அவர் விரும்பிக் கேட்டார். முத்துகளைக் காட்டினார். கூச்சப்படாமல் வேண்டியதைக் கேள் என்றார். பயணி கேட்டது ஆதம் மலைக்குப் போக வழி. பல்லக்கும் துணைக்கு யோகிகளும் பிராமணர்களும் சுமை தூக்க ஆட்களும் கிடைத்தன. வந்தவரிடம் உள்ளூர்க்காரர் உலகத்தைப் பற்றிக் கேட்டறிகிறார். அதையும் பயணி பதிந்து வைக்கிறார். என் சோதனையில் இபின் பதூதா தேறிவிடுகிறார்.

ஒல்லாந்தர் 1658 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தபோது வந்த பாதிரியார் பால்தேயஸ் வேறு மாதிரி. 1672 இல் வெளியான அவருடைய நூலில் குடாநாட்டின் தேவாலயங்கள் ஒவ்வொன்றாக வருகின்றன, படங்களும் உண்டு, தமிழ் எழுத்துகள்கூட அச்சாகியிருக்கின்றன. அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தை அறிய அந்த நூல் இல்லாமல் முடியாது. ஆனால் சைவர்களின் வழிபாடு அவருக்கு விக்கிரக ஆராதனை மட்டுமே. ஊரை நுணுக்கமாகப் பார்த்திருக்கிறார். ஊர் தன்னைப் பார்ப்பது மட்டும் அவர் கண்ணில் படவே இல்லை.

பிறகு லெனர்ட் வூல்ஃப். 1905 முதல் 1907 வரை யாழ்ப்பாணக் கச்சேரியில் வேலை பார்த்த இளம் ஆங்கில அதிகாரி. குதிரையில் போகும்போது தன் முகத்தில் வேண்டுமென்றே சவுக்கால் அடித்துவிட்டார் என்று உள்ளூர் வழக்கறிஞர் ஒருவர் அவர்மேல் முறையிட்டார். அடிக்கவில்லை, எதையோ சுட்டிக்காட்டினேன் என்றார் வூல்ஃப். ஆனால் பல பத்தாண்டுகள் கழித்துத் தன் வரலாற்றை எழுதியபோது அந்தச் சம்பவத்தை அவர் விட்டுவிடவில்லை. ஆளவந்தவனாகத் தான் எப்படித் தெரிந்தேன் என்பது அப்போதுதான் உறைக்கத் தொடங்கியது என்று எழுதினார். யாழ்ப்பாணம் அவரைப் பார்த்தது. அதை அவர் உணர்ந்தார்.

தமிழில் இந்த வகைக்கு ஒரு நல்ல முன்னோடி உண்டு. ஏ. கே. செட்டியார். 1911 இல் செட்டிநாட்டுக் கோட்டையூரில் பிறந்தவர். ரங்கூனில் ‘தனவணிகன்’ இதழை நடத்தியவர், தோக்கியோவிலும் நியூயோர்க்கிலும் புகைப்படக்கலை படித்தவர். 1937 ஒக்டோபர் 2 ஆம் திகதி நியூயோர்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போகும்போது, காந்தியைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்கும் எண்ணம் அவருக்கு வந்தது. கண்டம் கண்டமாக அலைந்து படச்சுருள் சேர்த்து 1940 இல் படத்தை வெளியிட்டார். 1943 இலிருந்து ‘குமரி மலர்’ நடத்தினார். இவ்வளவு சுற்றியவர் தன்னைப் பற்றி எழுதியது மிகக் குறைவு. சின்னச் சின்ன வசனங்கள். கப்பலில் பக்கத்தில் இருந்தவர் சொன்னது, கடைக்காரர் கேட்டது, சாப்பாட்டு மேசையில் நடந்தது என்று மனிதர்களே அவருடைய பக்கங்களை நிறைக்கிறார்கள். மற்றவர்கள் எழுதிய பழைய தமிழ்ப் பயணக் கட்டுரைகளைத் தேடித் தொகுத்ததும் அவர்தான்.

இந்தி எழுத்தாளர் ராகுல சாங்கிருத்யாயனையும் சொல்ல வேண்டும். திபெத்துக்கு நான்கு முறை போய், இந்தியாவில் அழிந்துபோன பௌத்தச் சுவடிகளை அங்கிருந்து தேடிக் கொண்டுவந்தவர். தமிழிலும் பரவலாக வாசிக்கப்படுபவர். எங்கள் கொக்குவிலில் பிறந்த அ. முத்துலிங்கம், ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் வேலை பார்த்து இப்போது கனடாவில் வாழ்பவர். பண்பாடுகளுக்கு நடுவே நடக்கும் சின்னச் சின்ன உரசல்களை அவரளவுக்கு மென்மையாகத் தமிழில் எழுதியவர்கள் குறைவு.

எழுதிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு நெடுந்தீவையே எடுத்துக்கொள்கிறேன். குறிகட்டுவானில் படகேறிப் போகிறீர்கள். குதிரைகள், பெருக்கமரம், ஒல்லாந்தர் கோட்டையின் இடிபாடு, பவளக்கல் வேலிகள் என்று நாலு படம் எடுக்கிறீர்கள். அது காணொளிக்குப் போதும். கட்டுரைக்கு இனித்தான் வேலை. வேலி ஏன் கல்லில் இருக்கிறது? மற்ற இடங்களில் கிடுகும் பனையோலையும் நிற்கும் இடத்தில் இங்கே ஏன் கல்? அந்தத் தீவின் நிலமே பவளச் சுண்ணக்கல். நிலத்திலிருந்து பெயர்த்த கல்லைச் சாந்து இல்லாமலே அடுக்கி வேலியாக்கியிருக்கிறார்கள். அடுக்கத் தெரிந்தவர் இன்றும் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். தீவு வாழ்க்கையின் பாதி அதற்குள் இருக்கிறது. 1985 மே மாதம் குமுதினிப் படகில் கொல்லப்பட்டவர்களின் நினைவை நீங்களாகக் கிளற வேண்டாம். அவர்களாகச் சொன்னால் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள்.

அப்புறம், அவர்கள் உங்களைக் கேட்பார்கள். எந்த இடம்? ஆற்றை பிள்ளை? எங்கே படிச்சனீர்? எங்கள் பக்கத்தில் இதைக் கேட்காமல் யாரும் தேத்தண்ணி தருவதில்லை. இந்தக் கேள்விகளில் சாதியும் ஊரும் உறவும் எல்லாம் ஒளிந்திருக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியும். அதற்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள், எதைச் சொல்லாமல் விட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள். பெரும்பாலான புதிய எழுத்துகளில் வெட்டப்படுவது இந்தப் பகுதிதான். கட்டுரைக்கு உயிர் கொடுப்பதும் இதுதான்.

குறிப்பெடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. மனிதர்கள் பேசியதை அவர்கள் பேசிய மாதிரியே அன்றிரவே எழுதி வைத்துவிடுங்கள். படம் கைபேசியில் இருக்கும், பேச்சு இருக்காது. ஒரு வாரம் கழித்து நினைவிலிருந்து எழுதினால் எல்லாரும் உங்களைப் போலவே பேசத் தொடங்கிவிடுவார்கள்.

எதிலிருந்து வாசிக்கத் தொடங்குவது? ஆங்கிலம் ஓரளவு ஓடும் என்றால் இமாம் கட்டுரை. ஒரே இருப்பில் முடித்துவிடலாம். அது பிடித்தால் எகிப்து நூலுக்குப் போங்கள். அதில் கடிதங்களைப் பற்றிய பகுதிகள் மெதுவாகத்தான் நகரும், அவசரப்பட வேண்டாம். கம்போடியா அதற்குப் பிறகு. ஆங்கிலம் கொஞ்சம் கடினம் என்பவர்கள் செட்டியாரிலிருந்து தொடங்குங்கள். பத்து வயதுப் பிள்ளைக்கும் விளங்குகிற தமிழ் அவருடையது. சனசமூக நிலையத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசித்தாலும் பக்கத்தில் பேப்பர் பார்க்கிறவர் நிமிர்ந்து கேட்பார்.